கையில் கோல், மேலே கூரை

கெடாவின் ஜெராய் மலை ஏறும் இளைஞர்களின் கைகளில் இப்போது ஊன்றுகோல் இருக்கிறது. அலுமினியத்திலோ கார்பன் இழையிலோ செய்த, நீட்டவும் சுருக்கவும் முடிகிற ‘ட்ரெக்கிங் போல்’. ஏற்றத்தில் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்ளவும், இறக்கத்தில் முழங்காலைக் காக்கவும் வந்த பொருள் அது. அந்தக் கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொழுது சாய்ந்ததும் அதைத் தரையில் நிறுத்தி, தலையில் ஒரு மெல்லிய விரிப்பைப் போட்டு, சுற்றிலும் கயிற்றால் இழுத்துக் கட்டினால் அன்றைய இரவுக்கு ஒரு கூரை கிடைத்துவிடும்.

கணக்கு எளிமையானது. வழக்கமான இருவர் கூடாரம் இரண்டு கிலோவை ஒட்டி எடை வரும். அதில் கம்பிகள் மட்டுமே அரைக் கிலோ வரை பிடிக்கும். எப்படியும் கையில் இருக்கப்போகிற கோல்களையே தூணாக்கிக்கொண்டால் விரிப்பு, கயிறு, முளை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய்க்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் போகலாம். கெடா, பேராக் எல்லையில் 1,862 மீட்டர் உயர்ந்து நிற்கும் பிந்தாங் மலைக்கு உணவும் உடையும் சுமந்து போகிறவர், முதுகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் நன்றி சொல்வார்.

எடைக் கணக்கோடு முடிந்துவிடுகிற காரியமாக இருந்தால் கடைக்காரர்களே சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரே பொருள் நடையையும் கூரையையும் தாங்குகிறது என்பதில் கெடாவின் ரப்பர் தோட்டங்களில் வேர்விட்ட நம்மைப் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டிய செய்தி இருக்கிறது.

முதலில் அந்தக் கூரையைக் கட்டும் விதத்தைப் பார்ப்போம். இரண்டு கோல்களையும் ஏறத்தாழ 120 சென்டிமீட்டருக்கு நீட்டிப் பூட்ட வேண்டும். விரிப்பின் நடுக்கோட்டின் இரு முனைகளிலும் துளை இருக்கும். கோலின் கூர்முனையை அதில் செருகி, கைப்பிடியைத் தரையில் ஊன்றலாம். அல்லது கைப்பிடியை மேலே வைத்துக் கயிற்றை அதில் சுருக்கிட்டு இறுக்கலாம். முனையிலிருந்து புறப்படும் கயிறு, கோலின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிப்போய் முளையில் சேர வேண்டும். கயிறு கோலுக்கு அருகிலேயே இறங்கினால் அது கோலைக் கீழே அழுத்துமே தவிர, நிமிர்த்திப் பிடிக்காது. இரு முனைகளும் எதிரெதிராக இழுபட்டு நடுக்கோடு விறைத்த பிறகு, நான்கு மூலைகளையும் சாய்வாக இழுத்து முளையடித்தால் வேலை முடிந்தது. கோல் மண்ணில் புதைந்து நிற்பதில்லை. எல்லாப் பக்கமும் சமமாக இழுபடுவதால்தான் நிற்கிறது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டால் கூரை மொத்தமும் சரியும்.

எங்கள் தோட்டத்து ஆண்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருந்திருக்காது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தார்ப்பாய்ப் பந்தல் போட்டவர்கள் அவர்கள். மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், எந்தக் கயிற்றைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், காற்று எந்தத் திசையில் வரும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். பீடோங், செமிலிங், குருண் பக்கத்துத் தோட்டங்களில் ஜெராயின் உச்சி கறுத்தால் மழை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மழை அவர்களுக்கு வெறும் மழை அல்ல. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளத்தில் கை வைத்துவிடும்.

மழைதான் இந்தக் கூரைக்கும் சோதனை. ஜெராய் அடிவாரத்து முகாமிடம் ஒன்றில் ஓர் இரவு அதை அருகிலிருந்து பார்த்தேன். மாலையில் முரசுத்தோலின் விறைப்போடு கட்டிய சிலிக்கான் பூச்சு நைலான், நள்ளிரவு மழையில் நனைந்ததும் நெகிழத் தொடங்கியது. நைலான் ஈரத்தைக் குடித்தால் நீளும். விரிப்பின் நடுப்பகுதி தொய்ந்து முகத்துக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. உட்புறத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்து நின்றது. என்னோடு வந்திருந்த இளைஞர் எழுந்து உட்கார்ந்தார். வெளியே போகவில்லை. படுக்கையிலிருந்தபடியே கோலின் பூட்டைத் திறந்து, இரண்டு விரல் அளவு உயர்த்தி, மறுபடியும் பூட்டினார். தலைமாட்டுக் கோலை முடித்துக் கால்மாட்டுக் கோலுக்குப் போனார். விரிப்பு மீண்டும் விறைத்தது. நீர் ஓரங்களுக்கு வழிந்து ஓடியது. கூரையின் உயரத்தைப் படுத்த இடத்திலிருந்தே மாற்றிக்கொள்ள முடிகிற வீடு வேறு எது?

தமிழில் இந்த ஏற்பாட்டுக்கு மிகப் பழைய சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, நப்பூதனார் பாடியது. 103 அடிகள்தான். கார்காலத்தில், காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில், புதர்களை வெட்டி அகற்றி, முள்வேலி வளைத்து ஒரு படை பாசறை அமைக்கிறது. அங்கே வீரர்கள் தங்கள் வலிய விற்களையே தரையில் ஊன்றித் தூணாக்குகிறார்கள். அம்புக்கூடுகளை அவற்றில் தொங்கவிடுகிறார்கள். கயிறு இழுத்துக் கட்டி இருக்கை செய்துகொள்கிறார்கள். காவி உடுத்த நோன்பி ஒருவன் தன் முக்கோலில் ஆடையை இட்டு வைத்திருக்கும் தோற்றத்தைப் புலவர் இதற்கு உவமை சொல்கிறார். வேல்களை நட்டுக் கேடயங்களை வரிசையாக நிறுத்தி அரணும் செய்கிறார்கள்.

பகலில் போரிடும் கருவி இரவில் வீட்டுத் தூண். துறவியின் ஊன்றுகோல் அவர் ஆடைக்குக் கொடி. இரண்டையும் ஓர் உவமைக்குள் கொண்டுவந்த நப்பூதனார், குறைவாகச் சுமந்து போகிறவர்களின் இயல்பை நன்றாகக் கவனித்திருக்கிறார். அதே பாசறையின் நடுவில் அரசனுக்கு மட்டும் நெடிய கோல்களை நட்டுத் திரை வளைத்துத் தனி இருப்பிடம் அமைப்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. அரசனுக்குக் கூடாரக் கோலை வேறொருவர் சுமந்து வருகிறார். வீரனுக்குத் தன் கையில் இருப்பதுதான் தூண். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வெளியுலகிலும் இதற்கு வரலாறு உண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் ஆளுக்கொரு பாதிக் கூடாரத்துணியைச் சுமந்தார்கள். மாலையில் இருவர் தங்கள் பாதிகளைப் பொத்தானிட்டுச் சேர்த்தால் ஒரு கூடாரம். கம்பு கிடைக்காத இடத்தில் துப்பாக்கியின் முனைக்கத்தியை மண்ணில் குத்தி, துப்பாக்கியையே தூணாக நிறுத்தினார்கள். 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி தம் 67ஆம் வயதில் அப்பலேச்சியன் பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தார். குறைந்த சுமைப் பயணம் விலை உயர்ந்த துணிகளிலிருந்து பிறந்ததல்ல என்பதற்கு அந்தத் திரை போதும். 1990களில் அமெரிக்க மலையேறி ரே ஜார்டின் எழுதிய கையேடுகள் எளிய தார்ப்பாயை மலையேறிகளிடம் மீண்டும் கொண்டுவந்தன. கோல்களைத் தூணாகக் கொள்ளும் கூடாரங்கள் அதற்குப் பின்னர் பரவின.

நம் ஊரிலேயே கூரையையும் கோலையும் பற்றிப் பாடம் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஜெராயின் தெற்கு அடிவாரத்தில், மெர்போக்கில், சண்டி புக்கிட் பத்து பாஹாட். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களில் அதிகம் அறியப்பட்டது. 1936, 37இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அதை ஆய்ந்தார். அலஸ்டர் லாம்ப் தலைமையில் 1960இல் மீட்டுக் கட்டினார்கள். கருவறையும் மண்டபமும் கருங்கல்லில் நிற்கின்றன. கூரையும் தூண்களும் மரத்தால் ஆனவை. அவை மக்கிப் போயின. மண்டபத் தளத்தில் தூண்கள் நின்ற கல்லடிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் லிங்கம் எங்கே, சிலை எங்கே என்று கேட்பார்கள். நான் அவர்களை அந்தக் கல்லடிகளுக்கு முன்னால் நிறுத்துவேன். மரத்தை நேரே மண்ணில் நட்டால் ஈரமும் கரையானும் சில ஆண்டுகளில் அதைத் தின்றுவிடும் என்று தெரிந்தவன் செய்த வேலை அது. கெடா மண்ணின் ஈரத்தை அவன் அளந்து வைத்திருக்கிறான். இன்றைக்கு இலைமக்கு நிறைந்த மலைமண்ணில் கோல் புதையாமலிருக்க அடியில் ஒரு தட்டைக்கல்லை வைக்கும் இளைஞர், தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தச்சனுக்கு மாணவர்.

ஒரு நியாயமான மறுப்பு எழும். கெடாக் காடுகளில் மரத்துக்குப் பஞ்சமா? இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றை இழுத்து விரிப்பைத் தொங்கவிட்டால் கோல் எதற்கு? தூளி கட்டிப் படுப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அட்டைக்கும் ஈரத்துக்கும் மேலே, தரையைத் தொடாமல் உறங்குகிறார்கள். அடர்ந்த காட்டில் அதுவே சிறந்த வழி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரங்கள் எப்போதும் வேண்டிய இடைவெளியில் நிற்பதில்லை. பாறை முகட்டிலும் திறந்த புல்வெளியிலும் மரமே இருக்காது. அப்போது நம்மவர்கள் வழக்கமாக என்ன செய்தார்கள்? பாராங் கத்தியை எடுத்து, கைப்பருமனுள்ள இளமரம் இரண்டை வெட்டி நட்டார்கள். காலையில் அவற்றை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். அடுத்த வாரம் வந்த குழு பக்கத்தில் இன்னும் இரண்டை வெட்டியது. நிரந்தர வனக் காப்பகத்தில் உரிமமின்றி மரம் வெட்டுவது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் இரவுத் தூக்கத்துக்காக, பல ஆண்டுகள் வெளிச்சத்துக்குப் போராடி வளர்ந்த கன்றை வெட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கோலோடு போகிறவர் காட்டிடம் தூண் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் இதுதான்.

அப்படியானால் இதில் குறையே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. கோல் வழியில் முறிந்தால் நடையும் போகிறது, கூரையும் போகிறது. கார்பன் கோல் நேர்ப்பாரத்தைத் தாங்கும். பாறை இடுக்கில் சிக்கிப் பக்கவாட்டில் அழுந்தினால் பட்டென்று முறிந்துவிடும். அலுமினியம் வளையும், கல்லால் தட்டி ஓரளவு நிமிர்த்திக்கொள்ளலாம். முறுக்கிப் பூட்டும் கோல்களில் மணலும் சேறும் புகுந்தால் நள்ளிரவில் பிடி நழுவி, கோல் சுருங்கி, கூரை தலையில் இறங்கும். கூடாரத்தை நிறுத்திவிட்டு உச்சிக்கு மட்டும் போய்வர நினைத்தால் கோல்களை எடுக்க முடியாது. ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்தால், அதன் இழப்பும் இரண்டாகிறது.

இந்த இரட்டை இழப்பு நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கோலில் நின்றன. லயத்து வீடு கம்பெனியுடையது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகிறவரைதான் அந்தக் கூரை. வேலை நின்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கை பட்டாணியைச் சுற்றித் தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான் என்னும் குடியிருப்புகள் எழுந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் எத்தனையோ குடும்பங்கள் சம்பளத்தையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தன. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டின் மீது ஒரு காகிதமும் கையில் இல்லாமல் வெளியே வந்தார்கள். பிள்ளைகளின் பள்ளியும் கும்பிட்ட கோயிலும் பின்னால் நின்றுபோயின.

முல்லைப்பாட்டின் வீரனும் லயத்துத் தொழிலாளியும் இரண்டு தேவைகளை ஒரே கோலில் நிறுத்தியவர்கள்தான். வீரனின் வில் அவன் கையில் இருந்தது. எங்கே ஊன்றுவது, எப்போது பிடுங்குவது என்பதை அந்தக் கைதான் முடிவு செய்தது. தொழிலாளியின் கோல் கம்பெனியின் கையில் இருந்தது. ஒன்று கைத்திறன். மற்றது சிறை. எளிமையாக வாழ்வதைப் புகழ்ந்து பேசுகிற எவரும் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: கோல் யாருடையது?

கோலைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள நம்மவர்கள் முயன்றதற்கும் கெடாவே சாட்சி. தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தபோது அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார். பால்வெட்டுச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கிய தோட்டம் கூலிம் பக்கத்து புக்கிட் சீடிம். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை. ஆனாலும் நாம் வேலை செய்கிற நிலமும் படுக்கிற கூரையும் நம்முடையதாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அது நடைமுறையில் காட்டியது. நம் சமூகம் இந்த மண்ணில் செய்த பெரிய காரியங்களில் ஒன்று அது என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டாயத்தால் விரிப்பின் கீழ் படுப்பதும் விரும்பிப் படுப்பதும் ஒன்றல்ல. 1942, 43இல் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள், 415 கிலோமீட்டர் பாதையோரத்தில், மழைக்காலத்தில், ஒழுகும் மூங்கில் கொட்டகைகளில் கிடந்தார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கோலும் விரிப்பும் கட்டிக்கொண்டு ஜெராய்க்குப் போகிறார்கள். “நல்ல வீட்டை விட்டுட்டு ஏன்டா காட்டுல போய் மழையில படுக்குறீங்க?” என்று ஒரு பாட்டி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. பாட்டியும் ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். காட்டுக்குள் போய் மாலையில் தன் கையால் கூரை நிறுத்தி, மறுநாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிற உரிமை, அவர் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று. பேரனுக்கு அது கிடைத்திருக்கிறது. அதில் அவரும் மகிழலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். விலை உயர்ந்த கோல் தேவையில்லை. நெம்பிப் பூட்டும் அலுமினியக் கோல் இரண்டு போதும். விரிப்பு பாலியெஸ்டரில் இருந்தால் மழையில் குறைவாகத் தொய்யும். கொசுவலை ஒன்றை உள்ளே தொங்கவிடுங்கள். வனத்துறை அனுமதி பெற்று, வழி தெரிந்தவர்களோடு போங்கள். ஓடைக்கரையில் எவ்வளவு அழகான மணல்திட்டு இருந்தாலும் அங்கே கட்டாதீர்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயிலிருந்து திடீரென்று இறங்கிய நீர்ப்பெருக்கு யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைக் கொண்டுபோனது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங்கிலும் அதுவே நடந்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மலையுச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளுக்குக் கூரை நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். முடிச்சுப் போடவும், கயிற்றின் சாய்வைக் கண்ணால் அளக்கவும், நீர் வடியும் பக்கம் பார்க்கவும் பழக்குங்கள். பந்தல் போட்டுப் பழகிய தாத்தாக்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியராக அழைத்து வாருங்கள். அவர்கள் கயிறு இழுக்கும்போது, லயத்து வீடு யாருடையதாக இருந்தது, புக்கிட் சீடிம் எப்படி வாங்கப்பட்டது என்ற கதையும் கூடவே வரட்டும். பள்ளித்திடல் இருக்கிறது, நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. இரண்டு கோல், ஒரு விரிப்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருந்தால் தொடங்கிவிடலாம்.